பட்டாணி கூப்பிட்டா அவ்வளவுதான்

போன வாரம் கப்பல் படியில ஏறிக்கிட்டு இருந்தவங்களை நடுப்படியில நிக்க வச்சுட்டு வந்துட்டோம். தப்புதான். இப்ப அவங்க ஏறி, ரூமைக் கண்டுபிடிச்சு, துணிமணியை எடுத்து அடுக்கி, நாலா பக்கமும் தண்ணியைத் தவிர வேற எதுவும் தெரியாத இடத்துக்கு வந்து சேந்தாச்சு.

முன்னாடி படிக்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். டிரைவர் டவுன் பஸ் ஓட்டுறாரு, பகல்ல. அவர் பொண்டாட்டி பெரிய ஆஸ்பத்திரியில பொம்பளைங்க வார்டு நர்ஸு, ராத்திரியில. காலைல அவங்க வந்து செருப்பைக் கழட்டும்போது இவர் செருப்பை மாட்டுவாரு. சாயங்காலம் அப்படியே தலைகீழ். நடுவுல வாசப்படியில வச்சு பொண்ணைக் கைமாத்தி விடுவாங்க.

"சாப்பிட்டா. கணக்கு பாக்கி. லேசா சளி."

"சரி."

புருஷன் பொண்டாட்டி பேச்சு அவ்வளவுதான். வார்டுல ஒரு நர்ஸு போகும்போது அடுத்த நர்ஸ்கிட்ட சொல்லிட்டுப் போற மாதிரி. டெப்போவுல ஒரு டிரைவர் வண்டியை விட்டுட்டு, 'பிரேக் கொஞ்சம் இழுக்குது, பாத்துக்க'ன்னு அடுத்தவர்கிட்ட சொல்ற மாதிரி. ரெண்டு பேருக்கும் அதுதான் தெரிஞ்ச பாஷை.

பொண்ணுக்கு ஏழு வயசு. பொறந்தப்ப இருந்த சைஸப் பாத்து பட்டாணின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. இப்ப உசரமாயிட்டா, பேர் மட்டும் அப்படியே நின்னு போச்சு.

நர்ஸம்மாவோட தம்பி இந்தக் கப்பல்ல சமையல்காரன். குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம்னு கம்பெனியில சொன்னதும், கல்யாணம் ஆகாத பையனுக்குக் குடும்பம்னா அக்காதானே. அப்படித்தான் வந்தாங்க.

கிளம்புற அன்னைக்கு ஆஸ்பத்திரி மேட்ரன் நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, வார்டுக்கு இன்சார்ஜா போட்டா எடுத்துக்கிறியான்னு கேட்டாங்க. பகல் வேலை. ராத்திரி ட்யூட்டியே கிடையாது. ரெண்டு வருஷமா நர்ஸம்மா வாய்விட்டுக் கேக்காம மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்த வேலை. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதில் சொல்லணும், இல்லன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாங்க.

ஆனா ரெண்டு பேரும் பகல்ல வேலைக்குப் போனா, பட்டாணி ஸ்கூல் விட்டு எங்க போவா? பக்கத்துத் தெருவுல குழந்தைங்களைப் பாத்துக்கிற இடம் ஒண்ணு இருக்கு, நல்ல இடம். டிரைவர் அதுக்கு மட்டும் சம்மதிக்கல. யார் யாரோ பாத்துக்கிற இடத்துல எம்பொண்ணு உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கறதான்னு ஒரே பிடிவாதம்.

நேத்து சாப்பாட்டு மேஜையில தம்பிதான் வழி சொன்னான். கப்பல்ல குழந்தைங்க கிளப் ஒண்ணு இருக்கு. காலைல விட்டா சாயங்காலம் கூட்டிட்டு வரலாம். ஒரு நாள் விட்டுப் பாருங்க, அவ அங்க இருப்பாளா மாட்டாளான்னு அவளே சொல்லிருவான்னான்.

டிரைவர் யோசிச்சாரு. அப்புறம் சரின்னாரு. ஒரே ஒரு கண்டிஷன். சாயங்காலம் வரைக்கும் பட்டாணி அப்பாவையோ அம்மாவையோ கூப்பிடாம இருந்தா, வேலையை எடுத்துக்கோ. கூப்பிட்டா அவ்வளவுதான், அந்தப் பேச்சை விட்டுடணும்.

நர்ஸம்மா தலையாட்டினாங்க. இதுதான் இன்னைக்கு நிலவரம்.

*

கிளப் வாசல்ல பாதிக் கதவு. தாழ்ப்பாள் பெரியவங்க கைக்கு எட்டுற உசரத்துல, வெளிப்பக்கமா. உள்ள சின்னச் சின்ன நாற்காலி, தரையில ரோடு போட்ட கம்பளம், இடுப்பு உசரத்துக்குக் கூட வராத கைகழுவுற தொட்டி. செருப்பு வைக்க ஒரு அலமாரி, தட்டுக்குத் தட்டு ஒரு பூச்சி படம்.

கிளப் டீச்சர் இருபத்து சொச்சம் வயசுப் பொண்ணு. பட்டாணி கையில ஒரு பட்டையைக் கட்டி விட்டுட்டு, குழந்தையைப் பத்தி ஏதாவது சொல்லணுமான்னு கேட்டா. பழக்கத்துக்குக் கேக்கறதுதான். கேட்டிருக்கக் கூடாது.

நர்ஸம்மா நேரா நிமிந்து நின்னாங்க. காலைல பால் பாதி கப், ரொட்டி ஒண்ணு, முட்டையில மஞ்சள் கரு சாப்பிடல. வெளிக்குச் சரியா போச்சு. காய்ச்சல் இல்ல, இருமல் ரெண்டு தடவை, அதுவும் தண்ணி அவசரமா குடிச்சதால. மருந்து எதுவும் ஒத்துக்காமப் போனதில்ல. தூக்கம் நல்லா இருந்துச்சு. மூச்சு விடாம சொல்லி முடிச்சாங்க.

அவங்க முடிச்சதும் டிரைவர் ஆரம்பிச்சாரு. இடது பக்கச் சடை லேசா போட்டிருக்கேன், அவிழ்ந்தா அவிழ்ந்துட்டுப் போகுது, இழுத்துக் கட்டிடாதீங்க, தலை வலிக்கும்பா. பாத்ரூம் போகணும்னா வாயால சொல்ல மாட்டா, ஒத்தைக் கால்ல நிப்பா, அப்பவே கூட்டிட்டுப் போயிடணும்.

டீச்சர் ரெண்டு பேரையும் பாத்தா. "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணுதான்."

"அப்படித்தான் நினைச்சேன்"ன்னா.

அப்புறம் ஒரு குட்டி ஃபோனைக் குடுத்தா. குழந்தை கேட்டா இதுல கூப்பிடுவோம், மத்தபடி நீங்க நிம்மதியா சுத்திப் பாருங்கன்னா. டிரைவர் அதை வாங்கி, சட்டைப் பையில போட்டு, மேல கையை வச்சுக்கிட்டாரு.

பட்டாணி உள்ள போனா. போனவ திரும்பி வந்தா. டிரைவர் மூஞ்சி மலர்ந்துச்சு.

"இத வச்சுக்கோப்பா, இங்க குளுரல"ன்னு ஸ்வெட்டரைக் கழட்டிக் கையில குடுத்துட்டு ஓடிட்டா.

*

மேல்தளத்துல நீள நாற்காலி வரிசையா கிடந்துச்சு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தாங்க. வெயில் இதமா இருந்துச்சு. காத்து நல்ல காத்து.

யோசிச்சுப் பாருங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, பொண்ணு பொறந்தப்புறம் இப்படிப் பகல்ல ஒரே இடத்துல ரெண்டு பேரும் சும்மா உக்காந்ததே கிடையாது. என்ன பேசறதுன்னு தெரியல.

டிரைவர் தொண்டையைக் கனைச்சாரு. "காலைல பல்லு நல்லாத்தான் தேய்ச்சா."

"நானும் அங்கதானங்க இருந்தேன்."

"ஆமால்ல."

கொஞ்ச நேரம் கடலைப் பாத்தாங்க. கடல்ல பாக்கறதுக்கு ரொம்ப ஒண்ணும் இல்ல, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. மஞ்சள் கரு ஏன் சாப்பிடலன்னு டிரைவர் கேட்டாரு. நேத்தும் சாப்பிடலன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அப்புறம் வேற ஏதோ சொல்லத் திரும்பிப் பாத்தா, நர்ஸம்மா தூங்கிட்டாங்க.

அவங்க மேல தப்பில்ல. வருஷக்கணக்கா முற்பகல்தான் அவங்களுக்கு ராத்திரி. சூரியன் நல்லா ஏறினா கண்ணு தானா மூடிக்கும். கப்பல்ல வந்தப்புறமும் உடம்பு அதைத்தான் செய்யுது. இவரோ இருட்டு பிரியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, ஓட்ட வண்டி இல்லாம, கப்பலைச் சுத்திச் சுத்தி நடந்துட்டு வராரு. ஒரே ரூம்ல இருந்தும் அவர் முழிச்சிருந்தா அவங்க தூங்குறாங்க, அவங்க முழிச்சிருந்தா அவர் தூங்குறாரு. லீவு போட்டாலும் ஷிஃப்டு மட்டும் மாறவே மாட்டேங்குது.

டிரைவர் அவங்க முகத்துல வெயில் விழாம தன் நாற்காலியைக் கொஞ்சம் நகத்திப் போட்டு உக்காந்தாரு. தூக்கத்துல கூட அவங்க வலது கை விரல் லேசா மடிஞ்சு, யாரோட நாடியையோ பிடிச்சுப் பாக்குற மாதிரி இருந்துச்சு. இதை அவர் முன்ன பாத்ததே இல்ல.

ஃபோன் அடிக்கல.

எடுத்துப் பாத்தாரு. ஆன்லதான் இருந்துச்சு. திரும்பப் பையில போட்டாரு. கொஞ்சம் காலாற நடந்துட்டு வரலாம்னு எந்திரிச்சாரு. கால் தானா கிளப் பக்கம் போச்சு. அது காலோட தப்பு.

கிளப்புக்கு ஒரு பெரிய கண்ணாடி இருந்துச்சு. பெத்தவங்க எட்டிப் பாக்கக் கூடாதுன்னே அது முழுக்க மீனு, ஆமை, ஆக்டோபஸ்னு படமா ஒட்டி வச்சிருந்தாங்க. ஆக்டோபஸோட காலுக்கும் காலுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து. ஆறடி மனுஷன் முட்டியை மடக்கிக் குனிஞ்சு அதுல ஒரு கண்ணை வச்சாரு. பட்டாணி யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டு இருந்தா. கையை இடுப்புல வச்சுக்கிட்டு. அழல.

"என்ன மாமா, ஆக்டோபஸ்கிட்ட ரகசியமா?"

பின்னாடி தம்பி. தலையில சமையல்காரக் குல்லா, கையில தட்டு, தட்டுல டீ.

டிரைவர் நிமிந்தாரு. முட்டியில ஏதோ விழுந்துச்சு, தேடுறேன்னாரு. முட்டியில என்ன விழும்னு தம்பி கேக்கல. இந்தக் கப்பல்ல எத்தனையோ பயணம் வந்துட்டேன் மாமா, கிளப்புக்குள்ள போற குழந்தைங்க அழுது நான் அதிகமா பாத்ததில்ல, வெளிய நிக்கிறவங்களுக்குத்தான் டீ போட்டு மாளலன்னான்.

ரெண்டு பேரும் மேல்தளத்துக்கு வந்தாங்க. தூங்குற அக்காவைப் பாத்துட்டு தம்பி டீயை மூடி வச்சான். அப்புறம் சத்தமில்லாம கேட்டான்.

"அவ இன்னும் கூப்பிடல. உங்களுக்கு சந்தோஷமா இருக்கா, வருத்தமா இருக்கா மாமா?"

"போடா, உன் அடுப்புல ஏதோ தீயுது"ன்னாரு டிரைவர்.

தம்பி சிரிச்சுக்கிட்டே கொஞ்சம் தள்ளிப் போனான். அப்பத்தான் ஃபோன் அடிச்சுது.

*

டீச்சர்தான். பட்டாணி அப்பாவைக் கேக்குறா, கொஞ்சம் வர முடியுமான்னு கேட்டா. அவ்வளவுதான் சொன்னா.

டிரைவர் பொண்டாட்டியைப் பாத்தாரு. எழுப்பணும். எழுப்பல. தூங்கட்டும்னு நினைச்சாருன்னு சொல்லலாம், அதுவும் பொய்யில்ல. ஆனா உள்ள ஒண்ணு துள்ளிச்சு பாருங்க, பொண்ணு என்னைக் கேக்குறாளேன்னு. பஸ்ஸு மேடு ஏறி இறங்கும்போது வயித்துல ஜிவ்வுன்னு வருமே, அந்த மாதிரி. பக்கத்துல தூங்குறவளோட வேலை போச்சேங்கற நெனப்பு அதுக்கப்புறம்தான் வந்துச்சு. வந்ததும் அவருக்கே தன்னைப் பிடிக்கல.

வேகமா நடந்தாரு. மனசுக்குள்ள சமாதானம் எல்லாம் தயார் பண்ணிக்கிட்டே போனாரு. 'அப்பா வந்துட்டேன்டா, போகலாம் வா'ன்னு.

பாதிக் கதவைத் திறந்தா, உள்ள ஒரு பஸ்ஸு நின்னுச்சு.

அட்டைப் பெட்டி பஸ். பெரிய பெட்டிங்களா அடுக்கி, ஒட்டி, பக்கத்துல ஜன்னல் வெட்டி, முன்னாடி காகிதத் தட்டுல ஸ்டியரிங். உள்ள ஏழெட்டு வாண்டுங்க. ஸ்டியரிங் பக்கத்துல பட்டாணி. அவ எதிர்ல கண்ணாடி போட்ட ஒரு பையன், மூக்கு விடைக்க.

விஷயம் இதுதான். பையன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே வண்டி எடுக்கணும்னான். அப்பத்தான் காத்து வருமாம். படியில ஆள் நிக்கும்போது வண்டி எடுக்கக் கூடாதுன்னா பட்டாணி. நீ சொன்னா சட்டமா, உனக்கு எப்படித் தெரியும்னு அவன் கேட்டான். எங்கப்பாவைக் கேட்டா தெரியும்னா. உங்கப்பா என்ன பெரிய இவரான்னான். அப்பத்தான் டீச்சர் ஃபோன் பண்ணினா.



பட்டாணி ஓடி வந்து கட்டிப் பிடிக்கல. கண்ணுல தண்ணி இல்ல. மெக்கானிக்கைக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டிருக்கா.

"அப்பா, இவன்கிட்ட சொல்லு."

டிரைவர் செருப்பைக் கழட்டி, வெட்டுக்கிளி படம் போட்ட தட்டுல வச்சுட்டு உள்ள போனாரு. உக்கார இடம் இல்ல. முட்டி ரெண்டும் காதுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி மடக்கி, அட்டைப் பெட்டிக்குள்ள உக்காந்தாரு. அப்புறம் நிஜமாவே பாடம் நடத்தினாரு. ஏறுறவங்க ஏறணும், இறங்குறவங்க இறங்கணும். கண்ணாடியில பாக்கணும். படியில யாரும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் கதவு. கதவு மூடினப்புறம்தான் வண்டி. காத்து வேணும்னா ஜன்னலைத் திற.

கண்ணாடிப் பையன் கேட்டுக்கிட்டான். யாராவது ஓடி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டான்.

"ஓடி வர்றவங்களுக்கு நிப்பாட்டிருவேன். ஓடிக்கிட்டே ஏறவிட மாட்டேன்."

அந்தப் பதில் எல்லாருக்கும் பிடிச்சுது. வண்டி கிளம்புச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சாரு, வாயால. திருப்பத்துல எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சாங்க. அவர் சாஞ்சதுல பஸ்ஸோட ஒரு பக்கம் கிழிஞ்சுது, அதை யாரும் பெருசு பண்ணல. இவ்வளவு சந்தோஷமா அவர் வண்டி ஓட்டி ரொம்ப நாளாச்சு.

ரெண்டு ரவுண்டு போனதும் பட்டாணி அவர் தோளைத் தட்டினா.

"அப்பா, உன் ஸ்டாப் வந்துருச்சு. இறங்கு."

"நான்தானேடா டிரைவர்?"

"நீ சொல்லிக் குடுக்க வந்தே. டிரைவர் நானு. இறங்குப்பா, எல்லாரும் வெயிட் பண்றாங்க."

இறங்கினாரு. இறங்கினதும் கதவு மூடிச்சு. மூடின பிறகுதான் வண்டி எடுத்தா. சொல்லிக் குடுத்த மாதிரியே. எல்லா வாண்டுங்களும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அறையோட அந்தக் கோடிக்குப் போயிட்டாங்க.

எத்தனை வருஷமா பஸ் ஓட்டுறாரு. எத்தனை பேரை எத்தனை ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டுப் போயிருக்காரு. ஸ்டாப்புல நின்னு, தன் வண்டி தான் இல்லாமப் போறதைப் பாத்தது இதுதான் முதல் தடவை.

செருப்பைப் போடும்போது டீச்சர் பக்கத்துல வந்து, வந்ததுலேர்ந்து அவ அழவே இல்ல சார், ரொம்பச் சமத்துன்னா. தெரியும்மான்னாரு.

*

இங்க மேல்தளத்துல நர்ஸம்மா முழிச்சுக்கிட்டாங்க. பக்கத்து நாற்காலி காலி. தம்பி தட்டை எடுக்க வந்திருந்தான். மாமா எங்கடான்னு கேட்டாங்க.

அவன் தயங்கினான். கிளப்லேர்ந்து ஃபோன் வந்துச்சுக்கா, பட்டாணி கேட்டாளாம், மாமா போயிருக்காருன்னான்.

நர்ஸம்மா ஆறின டீயை எடுத்துக் குடிச்சாங்க. நோயாளிங்களோட சொந்தக்காரங்ககிட்ட கெட்ட சேதி சொல்லிச் சொல்லி அவங்களுக்குப் பழக்கம். தனக்கே கெட்ட சேதி வந்தா எப்படி வாங்கிக்கணும்னும் தெரிஞ்சிருந்துச்சு. தம்பியைப் போகச் சொல்லிட்டு, தன்னோட ஃபோனை எடுத்து மேட்ரனுக்கு டைப் பண்ணினாங்க. மன்னிச்சுக்கோங்க மேடம், வீட்டுச் சூழ்நிலை சரியில்ல, வேற யாருக்காவது குடுத்துருங்க.

டிரைவர் வந்து நின்னாரு.

"வந்துட்டீங்களா. அழுதாளா?"

அவர் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே பேசினாங்க. பரவால்லங்க, குழந்தைதானே, புது இடம், எனக்கும் அரைமனசாத்தான் இருந்துச்சு. நம்ம வார்டுல இருக்கற இன்னொரு பொண்ணு கெட்டிக்காரி, அவளுக்குக் கிடைக்கட்டும். எல்லாத்தையும் சாதாரணமா சொன்னாங்க. சொல்லிக்கிட்டே கையிலிருந்த கப்பைத் துடைச்சாங்க. துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சாங்க.

"பேச்சுன்னா பேச்சு. அனுப்பிடவா?"



இப்ப நல்லா கவனிங்க. அவர் ஒரு வார்த்தையும் பொய் சொல்ல வேண்டியதில்ல. பட்டாணி கூப்பிட்டா, அது நிஜம். கூப்பிட்டா அவ்வளவுதான்னு ஒத்துக்கிட்டதும் நிஜம். ம்னு ஒரு சத்தம் போட்டா போதும், எல்லாம் பழைய மாதிரியே இருந்துரும். அவர் நினைச்சபடியே.

நர்ஸம்மா விரல் ஃபோன் மேல போச்சு.

"நில்லு"ன்னாரு.

நாற்காலியில உக்காந்தாரு. கடலைப் பாத்துக்கிட்டே நடந்ததை எல்லாம் சொன்னாரு. அட்டை பஸ்ஸு, கண்ணாடிப் பையன், படியில ஆள் நிக்கற சமாச்சாரம், வெட்டுக்கிளித் தட்டு. தன்னை ஸ்டாப்புல இறக்கி விட்டதையும் சொன்னாரு. சொல்லும்போது சிரிச்சாரு, நர்ஸம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் அவர் சிரிப்பு நின்னு போச்சு.

"அவ கூப்பிட்டது நம்மளைத் தேடி இல்ல. அவ நல்லாத்தான் இருக்கா. எங்க விட்டாலும் இருப்பா. எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா வேண்டான்னீங்க?"

அவர் பட்டாணியோட ஸ்வெட்டரை எடுத்து மடிச்சுக்கிட்டே சொன்னாரு.

"நீ பகலுக்கு வந்துட்டா, ராத்திரி நீ வீட்ல இருப்பே. அவ அம்மா பக்கத்துல படுப்பா. எந்தப் பிள்ளையும் அப்படித்தானே. இத்தனை நாளா ராத்திரியில அவ எனக்கு மட்டும்தான். கதை கேப்பா. பாதியில தூங்கிருவா. தூக்கத்துல காலைத் தூக்கி என் மேல போடுவா. பகல் முழுக்க கண்டவன்கிட்ட பேச்சு வாங்கிட்டு வர்றவனுக்கு... அது போயிருமேன்னு இருந்துச்சு. அதை எப்படி வெளிய சொல்றது. அதான் அந்த இடத்தைக் குத்தம் சொன்னேன்."

நர்ஸம்மா அவரையே பாத்தாங்க. கோவம் வரணும். வந்துச்சும் கூட, கொஞ்சம். ரெண்டு வருஷமா நோயாளிங்க எல்லாம் தூங்கினப்புறம் வார்டு ஜன்னல் பக்கத்துல உக்காந்து, வீட்ல இவங்க ரெண்டு பேரும் எப்படித் தூங்குறாங்கன்னு நினைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தவங்க அவங்க. கப்பலுக்கு வந்தப்புறம் ராத்திரி தூக்கம் வராம முழிச்சுக்கிட்டு இருந்தப்பதான் முதல் தடவையா நேர்ல பாத்தாங்களாம். அவ கால் உங்க மேல கிடந்துச்சு, உங்க கை அவ தலையில இருந்துச்சு, எனக்கு நடுவுல எங்கயும் இடம் இல்லங்கன்னு சொன்னாங்க. கோவமா சொல்ல ஆரம்பிச்சாங்க, முடிக்கும்போது கோவம் இல்ல.

"உங்களுக்கு ராத்திரி. எனக்கு ஸ்கூல் கேட்டு"ன்னாங்க அப்புறம். "மணி அடிச்சதும் அந்தக் கூட்டத்துல எட்டி எட்டி என்னைத் தேடுவா பாருங்க. என்னைப் பாத்ததும் ஒரு மூஞ்சி வரும். அந்த மூஞ்சி எனக்கு மட்டும்தான். இந்த வேலையை எடுத்தா அது எனக்குப் போயிரும். நான் மட்டும் சும்மாவா கேட்டேன்?"

டிரைவருக்கு இது தோணவே இல்ல. ஸ்கூல் கேட்டை அவர் பஸ் ஜன்னல்லேர்ந்து பாத்ததோட சரி.

"அப்ப ஏன் கேட்டே?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு துண்டா வச்சிருக்கோம். முழுசா ஒரு தடவை பாக்கணும்னு ஆசை."

 

டிரைவர் அவங்க ஃபோனைக் கையில வாங்கினாரு. டைப் பண்ணி வச்சிருந்ததைப் படிச்சாரு. வீட்டுச் சூழ்நிலை சரியில்லன்னு போட்டிருந்துச்சு. அதை ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு. அவருக்கு மொத்தமா அழிக்கத் தெரியாது. அழிச்சுட்டு, நீயே எழுதுன்னு திருப்பிக் குடுத்தாரு.

"கதை?"ன்னு கேட்டாங்க நர்ஸம்மா.

"கதைக்கு என்ன?"

"கதை நீங்கதான் சொல்லணும். அதுல நான் வரல. ஓரமா படுத்துக் கேட்டுக்கறேன்."

"நடுவுல பேசக் கூடாது."

"பேசல."

"மருத்துவக் குறிப்பு குடுக்கக் கூடாது. கதையில ராஜாவுக்கு வயித்து வலின்னா வயித்து வலிதான். எதனாலன்னு கேக்கக் கூடாது."

"எந்தப் பக்கம் வலின்னு மட்டும் கேட்டுக்கறேன்."

எடுத்துக்கறேன் மேடம், ரொம்ப சந்தோஷம்னு அனுப்பினாங்க. கப்பல் நெட்டு கொஞ்ச நேரம் சுத்திச்சு. ரெண்டு பேரும் தலையோட தலை முட்டிக்கிட்டு அந்தச் சுத்துறதையே பாத்தாங்க. போயிருச்சு. மேட்ரன் உடனே பதில் போட்டாங்க. வந்ததும் சேந்துடு, வாழ்த்துக்கள்னு.

டிரைவர் சிரிச்சுக்கிட்டே இன்சார்ஜ் அம்மான்னு கூப்பிட்டுப் பாத்தாரு. நர்ஸம்மா முழங்கையால இடிச்சாங்க. பேசிக்கிட்டே வெயிலும் இறங்கிருச்சு. நர்ஸம்மாவுக்கு வழக்கமா தெளிவு வர்ற நேரம், டிரைவருக்குக் கொட்டாவி வர்ற நேரம். அன்னைக்கு என்னமோ ரெண்டு பேருமே நல்லா முழிச்சிருந்தாங்க.

கிளப்புக்குப் போற வழியில, படி இறங்கும்போதுதான் நர்ஸம்மா கால் நின்னுச்சு.

"ஏங்க. அவகிட்ட யார் சொல்றது?"

"எதை?"

"ஸ்கூல் விட்டு வந்தா கேட்டுல நான் இருக்க மாட்டேன்னு."

டிரைவர் ஒரு படி மேலயே நின்னுட்டாரு. ரெண்டு பெரியவங்களும் ஒரு நாள் முழுக்க சோதனை வச்சு, தோத்து, ஜெயிச்சு, சண்டை போட்டு, சமாதானமாகி, பதிலும் அனுப்பியாச்சு. சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீ சொல்லு, உன் கேட்டுன்னாரு. நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் கதை சொல்ல வரும்னாங்க. முடிவு பண்றதுக்குள்ள பாதிக் கதவு வந்துருச்சு.

டீச்சர் தாழ்ப்பாளை எடுத்தா. பட்டாணி அட்டைத் துணுக்கெல்லாம் முடியில ஒட்டிக்கிட்டு ஓடி வந்தா. அப்பாவைப் பாத்தா, சிரிச்சா. பக்கத்துல அம்மாவைப் பாத்தா.

சிரிப்பு அப்படியே நின்னுச்சு.

அவளுக்குத் தெரிஞ்சு, அவளைக் கூட்டிட்டுப் போக எப்பவும் ஒருத்தர்தான் வருவாங்க. ரெண்டு பேரும் சேந்து வந்ததே இல்ல. பட்டாணி வாசப்படிக்கு உள்ளயே நின்னுக்கிட்டு, அப்பா மூஞ்சியையும் அம்மா மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தா. மெதுவா ஒத்தைக் காலைத் தூக்கினா.

"ரெண்டு பேரும் வந்திருக்கீங்க"ன்னா. "என்ன ஆச்சு?"